ஆபீசில் திட்டு வாங்குவார், ஆகாயத்தில் பறப்பார்! வயசே ஆகாத கார்ட்டூன் சூரர்கள்

இரும்புலியூர்,-

ரோட்டில் பள்ளம். புகார் கொடுக்கப் போனால் இந்த ஆபீஸ் அந்த ஆபீசைக் கை காட்டும். அங்கே போனால், அந்த ஆபீஸ் இந்த ஆபீசைக் கை காட்டும்.

அப்போது யாராவது ஒருவர் செல்போனில் ஒரு படம் அனுப்புவார். சிவப்பும் நீலமும் கலந்த உடை போட்ட இரண்டு பேர். அச்சு அசல் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒருவரை ஒருவர் விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தாம்பரம்- பீச் ரெயிலில் போகிறவர்களில் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

அது எங்கே இருந்து வந்தது தெரியுமா?

1967-ம் ஆண்டு அமெரிக்க டெலிவிஷனில் வந்த 'ஸ்பைடர்மேன்' கார்ட்டூனில் இருந்து! வில்லன் ஸ்பைடர்மேன் வேஷத்திலேயே வந்து நிற்க, "இவன்தான் போலி" என்று இருவரும் கை நீட்டும் காட்சி அது.

பேரன் பேத்தி எடுத்தவர்கள் சின்னப் பையன்களாக இருந்த காலத்துப் படம். இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022-ம் ஆண்டு, ஸ்பைடர்மேனாக நடித்த 3 ஹாலிவுட் நடிகர்கள் வரிசையாக நின்று, அதே மாதிரி விரல் நீட்டிப் போட்டோ எடுத்துக் கொண்டார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

சிக்கனமோ சிக்கனம்

உண்மையைச் சொன்னால், படம் ஒன்றும் பிரமாதம் இல்லை.

கையில் காசு இல்லாமல் எடுத்தது. ஸ்பைடர்மேன் உடை முழுக்க சிலந்தி வலை கோடு இருக்க வேண்டும். அத்தனை கோட்டையும் ஒவ்வொரு படத்திலும் வரைந்தால் கட்டுப்படி ஆகுமா? முகமூடி, கையுறை, காலணி, இடுப்புப் பட்டை, அங்கே மட்டும் வலை போட்டார்கள். மற்ற இடம் வெறும் நீலம், வெறும் சிவப்பு!

கட்டிடத்துக்குக் கட்டிடம் ஊஞ்சல் ஆடும் காட்சியை ஒரு தடவை வரைந்து விட்டு, திரும்பத் திரும்ப அதையே ஓட்டினார்கள். இவ்வளவு சிக்கனம் பண்ணியும், முதலில் எடுத்த கம்பெனி நொடித்துப் போனது. வேறு ஆட்கள் வந்து தொடர்ந்தார்கள். 1970 வரை மொத்தம் 52 வாரப் படங்கள்.

இந்தச் சிக்கனப் படம்தான் 1980-களில் தூர்தர்ஷன் மூலம் நம் ஊருக்கும் வந்தது.

தெருவுக்கு ஒரு டி.வி.

சென்னை தூர்தர்ஷன் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி ஆரம்பித்தது. அப்புறம் பல வருஷம், இரும்புலியூர், பெருங்களத்தூர் மாதிரி புறநகரில் எல்லார் வீட்டிலும் டி.வி. கிடையாது. மொட்டை மாடியில் ஆன்டெனா தெரிகிற வீட்டைத் தேடிப் பிள்ளைகள் போவார்கள். உள்ளே விட்டால் தரையில் உட்காருவார்கள். விடாவிட்டால் ஜன்னல் கம்பி!

ஸ்பைடர்மேன் பேசுவது ஆங்கிலம். பிள்ளைகளுக்கு அது முக்கால்வாசி புரியாது. வீட்டில் இருப்பது கறுப்பு-வெள்ளைப் பெட்டி. அவன் உடை சிவப்பா, பச்சையா என்பதும் தெரியாது.

ஆனால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தெரியும். நல்லவன் கடைசி நிமிஷத்தில் வந்து விடுவான் என்றும் தெரியும். அது போதுமே!

வாளைத் தூக்கிப் பிடித்து சக்தி பெறும் 'ஹீமேன்', சிறுவன் கூப்பிட்டால் ஓடி வரும் ஜப்பான் 'ஜெயண்ட் ரோபோ' எல்லாம் அதே காலத்தில் வந்தவை.

1995-ம் ஆண்டு 'கார்ட்டூன் நெட்வொர்க்' கேபிள் வழியாக வந்தது. பகல் முழுக்க கார்ட்டூன். ராத்திரி ஆனால் அதே சேனலில் ஆங்கில சினிமா! "போதும், போய்ப் படுங்கடா" என்று சேனலே சொன்ன மாதிரி இருக்கும். பிறகு கார்ட்டூன்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. 2007-ம் ஆண்டு 'சுட்டி டி.வி.' வந்ததும், நாள் முழுக்க தமிழிலேயே பார்க்கலாம் என்று ஆகி விட்டது.

எல்லோரும் பத்திரிகை ஆபீஸ்!

இப்போது ரகசியத்துக்கு வருவோம். இந்தச் சூரர்கள் எல்லாம் வேஷம் கலைந்த பிறகு எங்கே வேலை பார்க்கிறார்கள்?

சூப்பர்மேன், கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவம் உள்ள நிருபர். பெயர் கிளார்க் கென்ட்.

ஸ்பைடர்மேன், பத்திரிகைக்குப் போட்டோ விற்கும் ஏழைப் பையன். ஆசிரியர் ஜேம்சன் மேஜையைத் தட்டிக் கத்துவார். ஸ்பைடர்மேன் ஒரு திருடன் என்று அவனுடைய போட்டோவை வைத்தே செய்தி போடுவார். அவனும் வாயை மூடிக்கொண்டு காசை வாங்கிப் போவான்!

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த நம் நாட்டு 'சக்திமான்' கார்ட்டூன் இல்லை. முகேஷ் கன்னா நடித்த தொடர். ஆனால் கதைப்படி அவரும் பத்திரிகை போட்டோகிராபர்தான். கங்காதர் என்ற பெயரில், தூக்கிய பல்லும் கண்ணாடியுமாக அசடு வழிந்து கொண்டு வருவார்.

ஹீமேன்? ராஜா மகன். ஆனால் "இவன் சோம்பேறி, பயந்தாங்கொள்ளி" என்று அரண்மனையில் பெயர் வாங்கியவன்.

'ஸ்வாட் கேட்ஸ்' என்ற இரண்டு பூனை வீரர்களை 1990-களின் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அவர்களுக்கு என்ன வேலை? பழைய இரும்பு கொட்டிக் கிடக்கும் யார்டில் மெக்கானிக்! ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்து ஷெட்டில் கிரீஸ் கையோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் அவர்கள் ஞாபகம் வரும்.

பெண்களும் உண்டு. 1998-ல் வந்த 'பவர்பப் கேர்ள்ஸ்' மூன்று பேரும் பாலர் பள்ளி மாணவிகள். ஊரைக் காப்பாற்றிவிட்டு வந்து வகுப்பில் உட்கார வேண்டும்.

பேட்மேன் ஒருவர்தான் கோடீசுவரர். அவரை விட்டுவிடலாம்.

மற்றவர்கள் எல்லாம் நம்மைப் போல. மேலதிகாரியிடம் திட்டு. சம்பளம் பற்றாது. "நான் யார் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆபீசே எழுந்து நிற்கும். ஆனால் சொல்ல மாட்டார்கள்.

8-10 ரெயிலைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தாவுக்கு இந்தப் படம் ஏன் பிடிக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டியது இல்லை. கிளாசில் மிஸ்சிடம் திட்டு வாங்கிய பையனுக்கும் அதே காரணம்தான்!

2023-ல் வந்த சிவகார்த்திகேயனின் 'மாவீரன்' படத்திலும் இதே சூத்திரம். கதாநாயகன், பத்திரிகையில் படக்கதை வரைகிற பயந்த ஆள். அவன் எதிர்த்து நிற்க வேண்டியது, காரை பெயர்ந்து விழும் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவர்களை.

சிவகாசியில் பிறந்த மாயாவி

டி.வி.க்கு முன்பே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சூரர் இருந்தார். 'இரும்புக்கை மாயாவி'!

இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த கதை. சிவகாசியில் 1972-ம் ஆண்டு ஆரம்பித்த 'முத்து காமிக்ஸ்' தமிழில் கொண்டு வந்தது. முதல் புத்தகமே அதுதான்.

விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்தியவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து விடும். கை மட்டும் தெரியும்!

இவரும் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர்தான். முதலாளி கிடையாது.

தாவியவர் பறந்தார்

1938-ல் புத்தகத்தில் பிறந்த சூப்பர்மேனுக்கு முதலில் பறக்கத் தெரியாது. தாவத்தான் தெரியும். ஒரே தாவில் உயரமான கட்டிடத்தைத் தாண்டுவார்.

1941-ல் பிளைஷர் சகோதரர்கள் தியேட்டருக்காக அவரைக் கார்ட்டூன் ஆக்கினார்கள். ஒரு படம் 10 நிமிஷம். மொத்தம் 17 படம். தாவித் தாவிப் போவதை வரைந்து பார்த்தால், வெட்டுக்கிளி மாதிரி வேடிக்கையாக இருந்ததாம். அதனால்தான் பறக்க விட்டார்கள் என்று சொல்வார்கள்.

டெலிபோன் பூத்துக்குள் புகுந்து சட்டை மாற்றும் காட்சியும் அந்தப் படங்களில்தான் முதலில் வந்தது. இப்போது டெலிபோன் பூத்தே இல்லை. மனிதர் சட்டை மாற்ற எங்கே போவாரோ!

ஆக, பறப்பது என்பது படம் வரைகிறவர்களின் வசதிக்காக வந்தது. ஆனால் பிள்ளைகள் மனசில் பதிந்தது அதுதான். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மொட்டை மாடி ஆபத்து

1990-களின் கடைசியில் பத்திரிகைகளில் திடுக்கிடும் செய்திகள் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி, சிறுவர்கள் மாடியில் இருந்து குதித்ததாகவும், நெருப்போடு விளையாடிக் கருகியதாகவும் அவை கூறின.

"தொடரை நிறுத்து" என்று குரல் எழுந்தது. "தொடருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று மறுப்பும் எழுந்தது.

முகேஷ் கன்னா சக்திமான் உடையிலேயே டி.வி.யில் தோன்றி, "நான் செய்வதைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். தொடரின் கடைசியில் பிள்ளைகள் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டு, 'சாரி சக்திமான்' என்று மன்னிப்புக் கேட்கும் பகுதியும் வந்தது.

ஹீமேன் கார்ட்டூனிலும் கடைசியில் ஒரு நீதி சொல்வது வழக்கம். "பொம்மை விற்பதற்காக எடுத்த படம்" என்று அமெரிக்காவில் விமர்சனம் எழுந்தது. அதைச் சமாளிக்க நீதி பயன்பட்டது. நோக்கம் எதுவானால் என்ன, பெரியவர்கள் சொன்னால் கேட்காத பிள்ளை ஹீமேன் சொன்னால் கேட்கும்!

சக்திமானை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பியது. அதே போல 1992-ல் வந்த 'எக்ஸ்மேன்' கார்ட்டூனின் தொடர்ச்சி 2024-ல் புதிதாக வந்தது. பழைய சூரர்கள் எல்லாம் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறார்கள்.

வித்தியாசம் ஒன்றுதான். அன்று பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பார்த்தார்கள். பக்கத்தில் பாட்டியோ, எதிர்வீட்டு அக்காவோ இருப்பார்கள். "அது பொம்மைப் படம்டா, நீ குதிச்சா கால் உடையும்" என்று சொல்ல ஆள் இருந்தது. இன்று பிள்ளை தனியாக மூலையில் உட்கார்ந்து பார்க்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

வீட்டில் 4 வயது, 5 வயதில் பிள்ளை இருந்தால், துண்டை முதுகில் கட்டிக்கொண்டு ஓடாமல் இருக்காது. ஓடட்டும். கட்டிலில் இருந்து குதிக்கட்டும். ஆனால்:-

புறநகரில் பாதி கட்டி நிற்கும் வீடுகள் நிறைய. கைப்பிடிச் சுவர் எழுப்பாத மாடி என்றால் கதவைப் பூட்டி வையுங்கள்.

மாடிக்குப் பக்கத்தில் மின்சாரக் கம்பி போகிறதா என்று பாருங்கள். ஷாக் அடித்தால் மாயாவி ஆக முடியாது என்று வாய் விட்டுச் சொல்லுங்கள்.

தீப்பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கயிறு கட்டி எப்படிப் பறக்க விடுகிறார்கள், கார்ட்டூனை எப்படி வரைகிறார்கள் என்று காட்டும் படங்களும் செல்போனில் உண்டு. அதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். சுவாரசியம் ஒன்றும் குறையாது.

அப்படியும் அடிபட்டு விட்டால் வருவது சக்திமான் இல்லை. 108 ஆம்புலன்ஸ்தான் வரும்!

வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்:-

"பறக்காத நேரத்துல அவரு என்னடா செஞ்சாரு?"

வேலைக்குப் போனார். திட்டு வாங்கினார். கோபத்தில் யாரையும் அடிக்கவில்லை. யாராவது கஷ்டத்தில் இருந்தால், தன் வேலையை விட்டுவிட்டு ஓடினார். செய்ததை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளை இவ்வளவும் சொல்லிவிட்டால், படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். மாடிப்படிக் கதவை மட்டும் மறக்காமல் பூட்டி விட்டு, நீங்கள் அடுத்த படத்தைப் போடலாம்!