முழங்கால் வலிக்கு மீயொலி

ஒன்பதாம் வகுப்பில் ‘ஒலி’ பாடம் நடத்தும்போது மீயொலிக்கு எடுத்துக்காட்டாக வௌவாலையும் கடலாழம் அளப்பதையும் சொல்கிறோம். ஆசிரியர் அறையிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நின்றே பாடம் நடத்தும் நம்மில் பலர் மூட்டுத் தேய்மானத்துக்காக பிசியோதெரபி பிரிவில் ‘அல்ட்ராசவுண்ட்’ சிகிச்சை எடுத்து வருகிறோம்.

மனிதச் செவிக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். இக்கருவி எழுப்புவதோ 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ். கருவியின் தலைப்பகுதியிலுள்ள படிகத்துக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் அது சுருங்கி விரிந்து அதிர்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். இங்கே நடப்பது அதன் மறுதலை. அதிர்வெண் கூடினால் அலை ஆழமாகப் போகும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. 3 மெகாஹெர்ட்ஸ் மேல்திசுக்களிலேயே உட்கவரப்படும். 1 மெகாஹெர்ட்ஸ்தான் ஆழம் செல்லும். ஜெல் தடவுவது குளிர்ச்சிக்காக அல்ல. தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி ஏறத்தாழ முழுவதும் எதிரொலித்துத் திரும்பிவிடும். எதிரொலிப்புக்கு இதைவிட நல்ல வகுப்பறைக் கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

“சார், பத்து சிட்டிங் எடுத்தா தேய்ஞ்ச ஜவ்வு வளர்ந்துடுமா?” என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியை கேட்டார். அவர் வகுப்பு இரண்டாம் மாடியில். பணி ஓய்வுக்கு இன்னும் 4 ஆண்டுகள். “வளராது டீச்சர்” என்றேன். குருத்தெலும்பில் இரத்தக்குழாய்கள் இல்லை, அதனால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் திறன் அதற்கு மிகக் குறைவு. மீயொலி திசுக்களைச் சூடாக்கும். சிலருக்கு வலியும் விறைப்பும் தணியும். அந்தத் தணிவுக்கும் சான்று வலுவாக இல்லை. 2010இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, பயன் இருக்கலாம், ஆனால் சோதனைகள் சிறியவை, தரம் குறைந்தவை என்றது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில், சான்று போதாததால் இதை அளிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. உடற்பயிற்சியையும் எடைக் கட்டுப்பாட்டையும் முன்னிறுத்தியது.

வலி தணிகிறதென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்பதே என் எண்ணம். “மிஷின் வைக்கிறோமே” என்று பயிற்சியை விடுவதுதான் கவலை தருகிறது. தொடைத் தசை வலுவானால் முழங்காலின் சுமை குறையும். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, 5 நொடி நிறுத்தி, மெதுவாக இறக்கலாம். எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார். ஓய்வுப் பாடவேளை போதும் (கிடைத்தால்!).

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், காலில் இரத்தம் உறைந்தவர்கள் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு ஏறுவதே தெரியாது. இவற்றை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடலாம்.