இரண்டு கார்டு, ஒரே விதி

2019 ஆகஸ்டு 21 அன்று கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) கணினி வலைப்பின்னல் செயலிழந்தது. செக்-இன் முகப்புகள், பயணப் பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு, விமான நேரம் காட்டும் திரைகள், வைஃபை எல்லாம் தடுமாறின. ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் விமான நேரங்களைக் கையால் எழுதி நிறுத்தினார்கள். நிலைமை சீராகச் சில நாள்கள் பிடித்தன. காரணம், வலைப்பின்னல் கருவிகளில் ஏற்பட்ட கோளாறு.

விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது டெங்கில். அருகே, 1997-இல் தொடங்கிய சைபர்ஜெயாவில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. அங்கே இரவும் பகலும் ஓடும் சர்வர்கள், ஓர் இணைப்பு அறுந்தாலும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

சர்வரில் இரண்டோ அதற்கு மேலோ நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி, அவற்றை ஒரே முகவரியின் கீழ் இணைக்கிறார்கள். லினக்ஸில் இதைப் 'பாண்டிங்' என்பார்கள். அதில் ஏழு வகை உண்டு. விண்டோஸில் இதன் பெயர் 'டீமிங்'. 2012 சர்வர் பதிப்பிலிருந்து இயங்குதளத்திலேயே இந்த வசதி இருக்கிறது. எளிய வகையில் ஒரு கார்டு உழைக்கும், மற்றது காத்திருக்கும். இன்னொரு வகையில் எல்லாக் கார்டுகளும் சுமையைப் பகிரும்.

பகிர்வதில் ஒரு நுட்பம் உண்டு. பத்து கிகாபிட் இணைப்புகள் இரண்டைச் சேர்த்தாலும், ஒரே கோப்பை ஒரே தொடர்பில் அனுப்பினால் பொதுவாகப் பத்துக்கு மேல் வேகம் வராது. தைப்பூசத்தன்று பத்துமலை அன்னதானத்தில் வரிசைகள் பல இருந்தாலும், பிரிந்துவிடக் கூடாதென்று ஒரு குடும்பம் ஒரே வரிசையில்தான் நிற்கும். தரவும் அப்படியே. ஒரு தொடர்பின் தரவுப் பொட்டலங்கள் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தால், தொலைந்துவிட்டதென்று கருதி மீண்டும் அனுப்ப நேரும். ஆகவே ஒரு தொடர்பு முழுவதும் பொதுவாக ஒரே கேபிளில் போகிறது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் கூட்டு வேகத்தின் பயன் தெரியும்.

ஆபத்து வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. இரண்டு கேபிள்களும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் செருகப்பட்டிருந்தால், அந்தச் சுவிட்ச் விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும். வெவ்வேறு சுவிட்சுகளில் செருகினாலும், அவை ஒரே மின்வழியில் இருந்தால் அதே கதிதான். சுவிட்ச் உயிரோடு இருந்து, அதற்கு அப்பால் வழி அறுந்தால் இன்னும் சிக்கல்: கார்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சர்வர் ஏமாந்துவிடும். அதனால் கேபிளில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், தொலைவிலுள்ள ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லி வைப்பது நல்லது.

கணக்கும் முக்கியம். இரண்டு இணைப்புகளும் தலைக்கு 70 விழுக்காடு சுமையோடு ஓடினால், ஒன்று போனதும் மற்றதன் மேல் 140 விழுக்காடு ஏறும். தாங்காது. இரண்டு இணைப்பு உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. அந்த மிச்சம் வீண்செலவல்ல, காப்பீடு.

நம் பிள்ளைகள் பலர் இத்துறைக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வேலை நேரத்துக்கு வெளியே, முன்னறிவிப்போடு, ஒரு கேபிளைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். பிறகு ஒரு சுவிட்சையே நிறுத்திப் பாருங்கள். அப்போதும் சேவை தொடர்ந்தால்தான் அது மாற்று வழி. அதுவரை அது வெறும் நம்பிக்கை.