வீடு வாங்கு முன்

வீட்டுக் கடன் வேண்டிச் சங்கத்துக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்வையிடுங்கால், அங்கத்தினர்கள் பத்திரங்களைச் சேகரிப்பதில் காட்டும் அக்கறை நமக்குப் பெரிதும் மகிழ்ச்சி அளிக்கிறது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீது யாவும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஆனால், "கூரைமேல் ஏறிப் பார்த்தீர்களா? விட்டத்தைத் தட்டிப் பார்த்தீர்களா?" என்று வினவினால் விடை வருவது அரிது. கூடம் விசாலம், தறி போட இடம் உண்டு, கடைவீதி அருகில் என்பார்கள்.

சட்டம் இதில் எவ்வளவு துணை செய்யும் என்பதை அறிந்துகொள்வது அவசியம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, விற்பவர் தாம் அறிந்த முக்கியமான குறையை வாங்குபவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆயின், சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் வாங்குபவரே கண்டுகொள்ளக்கூடிய குறை அதில் அடங்காது. சுவரில் வெளிப்படையாக ஓடும் வெடிப்பைக் கிரயத்துக்குப் பின் காட்டி நியாயம் கேட்பது கடினம். ஆதலின் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே பார்த்தாக வேண்டும்.

வெடிப்புகள் அனைத்தும் அபாயமானவை அல்ல. பூச்சின்மேல் மயிரிழைபோல் படரும் கோடுகளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறுபவையும், செங்கல் வரிசைகளின் இடையே படிப்படியாகச் செல்பவையும் வேறு வகை. அடிவாரம் ஒரு பக்கம் இறங்கியிருப்பதை அவை பெரும்பாலும் காட்டும். ஒரே வெடிப்பு சுவரின் உள்ளும் புறமும் தெரிந்தால் அது ஊடுருவியது என்று கொள்ளலாம். அருப்புக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலம் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவது. ஆழமில்லாத அடிவாரத்தை ஆண்டுதோறும் அசைத்துக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பருவத்தில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது சரியன்று. வெடிப்பின் குறுக்கே காகிதத் துண்டு ஒன்றை இறுக ஒட்டித் தேதியும் எழுதி வைத்தால், சில வாரங்களில் அது கிழிகிறதா என்பதைக் கொண்டு சுவர் இன்னும் நகர்கிறதா என அறியலாம். சுவரின் சாய்வை அறியத் தூக்குக்குண்டு போதும். இல்லையேல் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடலாம். நெசவாளர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்?

விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால், நாம் அந்தச் சுவரின் முன்தான் அதிக நேரம் நிற்போம்.

மரத்தின் சங்கதி இன்னும் நுட்பமானது. நாம் அறிந்த நெசவாளர் ஒருவர், பல ஆண்டுச் சேமிப்புடன் கடனும் பெற்றுப் பழைய மச்சு வீடு ஒன்றை வாங்கினார். மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிக் காரை இட்ட மச்சு அது. விட்டங்கள் புது வர்ணத்தில் பளபளத்தன. முதல் ஐப்பசி மழையிலேயே ஒரு விட்டத்தின் முனை சுவரைவிட்டு இறங்கிவிட்டது. சுவருக்குள் இருந்த பாகம் முழுவதும் கறையானுக்கு இரையாகி, வர்ணம் மட்டுமே எஞ்சியிருந்தது. தறியில் பாவு ஏறியிருந்த நேரம். அதை அறுத்தெடுத்துத் தறியைப் பிரிக்க நேர்ந்தது. நெசவு நின்ற மாதங்களிலும் கடன் தவணை நிற்கவில்லை. விற்றவரோ தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். தெரியும் என்று மெய்ப்பிக்க வழியில்லை. விட்டம் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு கோணியூசியால் குத்திப் பார்த்திருந்தால் ஊசி உள்ளே இறங்கியிருக்கும்.

கான்கிரீட் தளமாயின், அடிப்புறத்தில் பழுப்புக் கறையும் கம்பியை ஒட்டிய வெடிப்பும் உள்ளனவா என்று நோக்குக. துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால் காரையைப் பெயர்த்துத் தள்ளும். கழியால் தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கும் இடங்கள் பெயரக் காத்திருப்பவை.

நிற்க, குழித்தறி போடுவோர்க்குச் சற்று ஈரமான தரை அனுகூலமே. பருத்தி நூல் அதிகம் அறாது. ஆனால் சுவரடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வது வேறு. அத்தகைய அறையில் நூலோ விதையோ சேமித்தல் தகாது. தறிக்குழியையும் சுவரை ஒட்டித் தோண்டலாகாது. அடிவாரத்தின் பிடிப்புக் குலையும். மேல்மாடியில் நெல் மூட்டை அடுக்க எண்ணும் விவசாயிகள், தளம் அப்பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டே தீர வேண்டும்.

நெசவாளர் தெருக்களில் இரு வீட்டுக்கும் ஒரே சுவராக இருப்பது வழக்கம். அச்சுவரில் பாதி உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா, அடுத்த வீட்டு விட்டம் அதன்மேல் அமர்ந்துள்ளதா, அவர்கள் கூரைத் தண்ணீர் எப்பக்கம் விழுகிறது என்பவற்றை அண்டை வீட்டாரிடமே விசாரிக்கலாம்.

பார்வையிடச் சிறந்த நாள் பெருமழைக்கு மறுநாள். அனுபவமுள்ள கொத்தனாரையும் தச்சரையும் உடன் அழைத்துச் செல்க. பெரிய வெடிப்பு தென்பட்டால் பொறியாளரையும் அழைக்க வேண்டும். பழுதுபார்ப்புக்கு ஆகும் தொகையை அவர்களிடம் எழுதி வாங்கி, கிரயத்தொகை பேசும்போது அதை விற்பவர் முன் வைக்கலாம். அதன் நகலைக் கடன் விண்ணப்பத்துடன் இணைத்தால், பழுதுக்கும் சேர்த்துத் தொகையும் தவணையும் நிர்ணயிப்பது பற்றி நிர்வாகக் குழு யோசிக்க ஏதுவாகும்.