ஷிப்ட் பஸ் லேட்டானால் குழந்தையை யார் பார்ப்பது? வீட்டுக் காப்பகம் நடத்துபவர்கள் எழுதி வைக்க வேண்டியவை

"அக்கா, இன்னைக்கு ஓவர்டைம். ஒரு மணி நேரம் கூட பாத்துக்கோங்க."

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இது பழகிப்போன போன்தான். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. ஆனாலும் விடியற்காலையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவது லேசான காரியமா? பக்கத்துத் தெரு அக்கா வீடுதான் பலருக்குக் கைகொடுக்கிறது.

சிக்கலும் அங்கேதான். தெரிந்தவர்கள் என்பதால் எதையும் எழுதி வைப்பதில்லை. மூன்றாவது மாதம் மனஸ்தாபம் வந்துவிடுகிறது.

லேட்டானால் என்ன செய்வது?

கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் வாங்குவது தவறில்லை. ஆனால் பஸ் ட்ராஃபிக்கில் நின்றால் அம்மா என்ன செய்வார்? அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். அடுத்த வாரத்து ஷிப்ட் விவரத்தை சனிக்கிழமையே வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொன்ன ஓவர்டைமுக்கு ஒரு கட்டணம், சொல்லாமல் லேட்டானால் அதைவிடக் கூடுதல், பஸ் தாமதத்துக்கு அரை மணி நேரச் சலுகை. இரவு எத்தனை மணிக்கு மேல் முடியாது என்பதையும், அதற்குள் வர முடியாவிட்டால் யார் வந்து கூட்டிப்போவார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த 'யார்' என்பதில் கறாராக இருக்க வேண்டும். பெற்றோர் தந்த பட்டியலில் பெயரும் போட்டோவும் இல்லாதவரிடம், அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்காமல் குழந்தையை அனுப்பக் கூடாது. ஊரிலிருந்து வந்த தாத்தா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

காய்ச்சல் குழந்தையை விட்டுப்போனால்?

லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயத்தில் காலையில் மருந்து கொடுத்து விட்டுப்போகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆன பிறகே வர வேண்டும், அம்மை போட்டால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை வீட்டில்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெற்றோர் எழுதித் தராமல் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம்.

பணம்?

சம்பளம் 7-ஆம் தேதி ஏறுகிறது என்றால் கெடு 10-ஆம் தேதி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பத்து நாளுக்கு முழுக் கட்டணமா, பாதியா? சண்டை அதிகம் வருவது இங்கேதான். குழந்தை வராவிட்டாலும் அந்த இடத்தை வேறொருவருக்குத் தர முடியாதே. அதைச் சொல்லிப் புரியவைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எழுதியாச்சு, கேட்க மாட்டேங்கறாங்களே?

முதல் தடவை வாட்ஸ்அப்பில் நினைவூட்டுங்கள். இரண்டாவது தடவை கட்டணத்தை வாங்கிவிடுங்கள். ஒருவருக்கு முகம் பார்த்து விட்டுக்கொடுத்தால் மாதக் கடைசிக்குள் நான்கு பேர் கேட்பார்கள். நிஜமான கஷ்டம் என்றால் 'இந்த மாதம் மட்டும்' என்று எழுதியே சலுகை கொடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ஒரு மாத நோட்டீஸ். ஆனால் பாக்கிக்காகக் குழந்தையை அனுப்பாமல் நிறுத்தி வைப்பதோ, சாப்பாட்டில் கை வைப்பதோ கூடவே கூடாது.

ஏற்கெனவே வரும் குழந்தைகளுக்குப் புது விதி என்றால் ஒரு மாதம் முன்பே சொல்லி, எல்லோருக்கும் ஒரே தேதியில் தொடங்குங்கள். ஒரு பக்கத் தாள், இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து போதும். வெளிமாநிலக் குடும்பம் என்றால் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பி வையுங்கள்.