போதைக்கு எதிரான வேலி

சூன் 26ஆம் நாளை, போதைப்பொருளுக்கு எதிரான உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை கடைப்பிடிக்கிறது. அன்று பள்ளிகளில் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். பதாகை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். மறுநாள் வழக்கம்போல் பாடம் தொடங்கிவிடுகிறது. இந்த ஒருநாள் விழிப்புணர்வு நம் பிள்ளைகளைக் காக்குமா? இரண்டு நாடுகளின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

முதலாவது அமெரிக்கா. 1983ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'டேர்' என்ற பள்ளித் திட்டம் தொடங்கப்பட்டது. சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கே வந்து, போதைப்பொருள்களின் கேடுகளை விளக்கி, 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கினார். பெற்றோர் மகிழ்ந்தனர், திட்டம் நாடெங்கும் பரவியது. ஆனால், அதில் பயின்றவர்களையும் பயிலாதவர்களையும் ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, போதைப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கேடு என்று அறிவது வேறு. நண்பர்கள் நடுவே நின்று மறுப்பது வேறு. பின்னாளில் அத்திட்டமே தன் பாடங்களை மாற்றிக்கொண்டது.

இரண்டாவது ஐஸ்லாந்து. 1998ஆம் ஆண்டு பள்ளிகளில் எடுத்த கணக்கெடுப்பில், 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர், முந்தைய மாதத்தில் குடித்து மயங்கியதாகக் கூறினர். 2016இல் அது 5 ஆகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 23இலிருந்து 3 ஆகவும், கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தோர் 17இலிருந்து 7 ஆகவும் குறைந்தனர்.

எப்படி? 'யார் கெட்டுப்போகிறார்கள்?' என்பதோடு, 'யார் தப்பிக்கிறார்கள்?' என்றும் அவர்கள் கேட்டார்கள். பெற்றோரோடு அதிக நேரம் செலவிடுவோர், விளையாட்டிலோ இசையிலோ ஒழுங்காகப் பயிற்சி பெறுவோர், பள்ளியில் தம்மீது அக்கறை காட்டப்படுவதாக உணர்வோர், இரவில் வெளியே சுற்றாதோர் ஆகியோரே தப்பித்தனர். எனவே, அரசு விளையாட்டுக்கும் கலைக்கும் பணம் ஒதுக்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் அமைப்பு வலுப்பெற்றது. 'எம் பிள்ளைகளை இத்தனை மணிக்குமேல் வெளியே விடமாட்டோம்' என்று பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மாலை வேளைகளில் சில பெற்றோர் தெருக்களில் கூட்டாக நடந்தும் வந்தனர். கணக்கெடுப்பின் முடிவுகள் அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் தரப்பட்டதால், 'எங்கள் பிள்ளைகள் அப்படியில்லை' என்று யாரும் ஒதுங்க முடியவில்லை.

அது சிறிய நாடு, வசதியான நாடு. அவர்களின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் பெற்றோரின் நேரத்துக்குப் பணம் தேவையில்லை. நம் மகனின் நெருங்கிய நண்பர்கள் மூவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர்களின் பெற்றோரிடம் ஒருமுறையாவது பேசியிருக்கிறோமா? மதிப்பெண் கேட்பதற்கு மட்டுமன்றி, 'என் பிள்ளை யாரோடு பழகுகிறான்?' என்று கேட்கவும் ஆசிரியரைப் பார்க்கப் போகிறோமா?

ஒன்றை மறக்கவேண்டாம். ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டுவதும், வீட்டில் ஒளித்துவைப்பதும், அவனுக்கு எஞ்சியிருக்கும் வேலியையும் பிடுங்குவதாகும். அவனுக்குத் தேவை மருத்துவரும், ஆற்றுப்படுத்துநரும், கைவிடாத ஆசிரியரும்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில், ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பத்து நிமிடம் சேர்ந்து அமருங்கள். மாலை எத்தனை மணிக்குள் பிள்ளைகள் வீடு திரும்பவேண்டும் என்பதை ஒன்றாக முடிவுசெய்யுங்கள். ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் கட்டுப்பாடு பிள்ளைக்குச் சிறையாகத் தெரியும். எல்லா வீட்டிலும் இருந்தால் அது ஊர் வழக்கம் ஆகிவிடும்.