கசிவின் ஊற்றுக்கண்

மதுக்கரையின் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1934-இல் அங்குச் சிமெண்டு ஆலை எழுந்தது. கல் சுமக்கும் டிப்பர் வண்டியின் சுமைப்பெட்டியை உயர்த்துவது, உருளைக்குள் அழுத்தப்படும் ஹைட்ராலிக் எண்ணெயே.

எண்ணெய் கசியின், உயர்ந்த பெட்டிக்கு அடியில் தாங்குகட்டை நிறுத்துவதே முதற்பணி. ஈரம் தெரியும் இடமெல்லாம் கசியும் இடம் அன்று. எண்ணெய் வழிந்து தாழ்விடத்தில் தங்கும். ஆதலின், நன்கு துடைத்தபின் மேலிருந்து கீழாகத் தேடுதல் வேண்டும். குழாயைக் கையால் தடவுதல் பெருந்தீங்கு. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத்துண்டு ஒன்றை அருகே பிடித்தாலே கசிவு புலப்படும். கல்தூள் உருளைத்தண்டில் கீறலிட்டிருப்பின், சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு. அக்கீறல் புதிய சீலையும் அறுத்துவிடும்.

வெளியே ஒரு துளியும் சிந்தாமல் பெட்டி மெல்லத் தாழ்வதும் உண்டு. தேய்ந்த வால்வின் வழியே எண்ணெய் தன் தொட்டிக்கே திரும்புகிறது.