எடுத்த போட்டோ எந்த ஊர்? கேமராவே சொல்லும்! அசந்தால் வீட்டு வாசலையும் காட்டிக் கொடுக்கும்

பழைய போட்டோவை பார்த்தால் ஆள் யார் என்று தெரிகிறது. தேதியும் படத்தோடு பதிவாகி இருக்கிறது. ஆனால் எந்த இடம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கு ஒரு ஊரை சொல்வார்கள். "அது குற்றாலம்", "இல்லவே இல்லை, ஒகேனக்கல்" என்று சண்டையே நடக்கும்.

இந்த சண்டையை தீர்க்க வந்ததுதான் 'ஜியோடேக்கிங்'. போட்டோவுக்குள் இடக்குறிப்பு போட்டு வைப்பது என்று அர்த்தம்.

இப்போது செல்போன் இந்த வேலையை கேட்காமலே செய்து விடுகிறது. ஆனால் கல்யாண ஸ்டூடியோக்களிலும், வீட்டு பீரோக்களிலும் இருக்கும் பழைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றுக்கு என்றே ஜி.பி.எஸ். கருவிகள் தனியாக விற்பனைக்கு வந்தன. செகண்ட் ஹேண்டில் அவை இன்னமும் கைமாறுகின்றன. வாங்குவதற்கு முன்பு அந்த கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை தெரிந்து கொள்வது நல்லது.

ஒளிந்திருக்கும் நம்பர்

டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்தால் அதோடு சேர்த்து ஒரு குறிப்பும் பதிவாகிறது. கேமரா மாடல், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். இதற்கு 'எக்ஸிப்' என்று பெயர். இதில் இடத்தை எழுதவும் தனி கட்டம் உண்டு. கருவி இல்லாத கேமராவில் அந்த கட்டம் காலியாக கிடக்கும்.

அந்த கட்டத்தில் ஊர் பேர் எழுதப்படுவது இல்லை. நம்பர்தான். சென்னை என்றால் 13.08, 80.27. மதுரை என்றால் 9.92, 78.12. முதல் நம்பர் பூமத்திய ரேகையில் இருந்து எவ்வளவு வடக்கே என்பதை காட்டும். அடுத்தது கிழக்கு மேற்கு கணக்கு.

புள்ளிக்கு பிறகு 2 நம்பர் இருந்தால் சுமார் ஒரு கிலோ மீட்டருக்குள் இடம் தெரியும். 4 நம்பர் இருந்தால் 11 மீட்டர்தான். அதாவது தெரு கூட இல்லை, கிட்டத்தட்ட வீடே தெரிந்து விடும்.

இந்த நம்பர் வானத்தில் இருந்து வருகிறது. சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக் கொண்டிருக்கின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோளின் சிக்னல் கிடைத்தால் கருவி தன் இடத்தையும் உயரத்தையும் கணக்கு போட்டு விடும்.

முன்பு பொதுமக்களுக்கு இந்த சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே பிசகாகத்தான் கொடுத்தது. 100 மீட்டர் வரை தவறு வரும். 2000-ம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளிண்டன் உத்தரவுப்படி அந்த தடை நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் சாதாரண ஆள் கையிலும் இந்த கருவி உருப்படியாக வேலை செய்தது.

வயரே இல்லாத சோனி கருவி

2006-ம் ஆண்டு சோனி நிறுவனம் ஜி.பி.எஸ்.-சி.எஸ்.1 என்ற கருவியை கொண்டு வந்தது. கைக்கு அடக்கமான சின்ன உருளை. ஒரே ஒரு பென்சில் பேட்டரி. விலை சுமார் 150 டாலர், அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 7 ஆயிரம் ரூபாய்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இதற்கும் கேமராவுக்கும் எந்த இணைப்பும் கிடையாது. பையில் தொங்க விட்டுக் கொண்டு போக வேண்டியதுதான். 15 வினாடிக்கு ஒரு முறை "இந்த நேரத்தில் இந்த இடம்" என்று அது எழுதிக் கொண்டே வரும். கேமரா தன் பாட்டுக்கு படத்தையும் நேரத்தையும் பதிவு செய்யும். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டால், சாப்ட்வேர் நேரத்தை வைத்து படத்துக்கு இடத்தை ஒட்டி விடும்.

ஆக, இடத்தையும் படத்தையும் சேர்த்து வைப்பது கடிகாரம்தான். இங்கேதான் பலரும் கோட்டை விட்டார்கள்.

5½ மணி நேர குழப்பம்

ஜி.பி.எஸ். கருவி பதிவு செய்வது உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட 5½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இந்த வித்தியாசத்தை சாப்ட்வேரில் சொல்லாமல் விட்டால் போச்சு.

உதாரணத்துக்கு, காலை 11.30 மணிக்கு தஞ்சை பெரிய கோவிலில் ஒருவர் படம் எடுக்கிறார். மாலை 5 மணிக்கு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். நேர வித்தியாசத்தை சொல்ல மறந்தால், சாப்ட்வேர் கேமராவின் 11.30-ஐ உலக நேரம் என்று நினைத்துக் கொள்ளும். அது இந்திய நேரப்படி மாலை 5 மணி. பெரிய கோவில் படத்துக்கு ஸ்ரீரங்கம் என்று முத்திரை குத்தி விடும்! ராஜராஜ சோழன் கட்டிய கோபுரம் காவிரிக் கரைக்கு போய் விடும்.

கேமராவின் கடிகாரம் 5 நிமிடம் தப்பாக ஓடினாலும் இதே கதைதான். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பஸ்சில் இருந்து எடுத்தால் 5 நிமிடத்துக்கு 5 கிலோ மீட்டர் பிசகி விடும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கிளம்பும்போது ஜி.பி.எஸ். கருவியின் திரையில், அல்லது செல்போனில் ஓடும் கடிகாரத்தை வினாடி தெரியும்படி கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும். படத்தில் தெரியும் நேரத்துக்கும், படத்தோடு பதிவான நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதை சாப்ட்வேரில் கொடுத்தால் எல்லா படமும் சரியாகி விடும். காசு செலவு இல்லை.

பழைய கருவி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். கணக்கில் வாரங்கள் 1,024 வரைதான் எண்ணப்படும். பிறகு பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் இப்படி ஆரம்பித்தது. அதற்கு தயாராக இல்லாத பழைய கருவிகள் தேதியை சுமார் 19½ ஆண்டு பின்னால் காட்டும். வாங்கும் முன்பு வெளியே எடுத்துப் போய் தேதி சரியா என்று பார்த்து விட வேண்டும்.

கேமரா தலையில் நிக்கான்

2008-ம் ஆண்டு நிக்கான் நிறுவனம் டி90 கேமராவோடு ஜி.பி.-1 என்ற கருவியை அறிவித்தது. இது வயர் மூலம் கேமராவிலேயே சொருகப்படும். படம் எடுத்த அந்த நொடியிலேயே இடம் பதிவாகி விடும். கம்ப்யூட்டர் வேலை, கடிகார தொல்லை ரெண்டும் இல்லை.

சிவப்பு விளக்கு மின்னினால் இடம் கிடைக்கவில்லை. பச்சை மின்னினால் 3 செயற்கைக்கோள். பச்சை நிலையாக எரிந்தால் 4 அல்லது அதற்கு மேல்.

ஆனால் இது கேமரா பேட்டரியிலேயே ஓடும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பிளாஷ் மாட்டும் இடத்தில்தான் உட்காரும். கல்யாண போட்டோகிராபருக்கு பிளாஷ் இல்லாமல் முடியாது என்பதால் தோள் வாரில்தான் மாட்டிக் கொள்ள வேண்டும். வயரும் எல்லா மாடலுக்கும் ஒன்று கிடையாது. கேனான் நிறுவனம் 2012-ல் ஜி.பி.-இ2 கருவியை கொண்டு வந்தது. அதற்கு தனி பேட்டரி. கேமரா எந்த திசையை பார்க்கிறது என்பதையும் அது எழுதும்.

எந்த கம்பெனி கருவியாக இருந்தாலும் வானம் தெரிய வேண்டும். கல்யாண மண்டபத்துக்குள், கோவில் பிரகாரத்துக்குள் சிக்னல் கிடைப்பது கஷ்டம். ஆன் செய்ததும் உடனே கிடைத்து விடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. வெகுநாள் சும்மா கிடந்த கருவி செயற்கைக்கோள் பட்டியலை முழுதாக இறக்க 12½ நிமிடம் வரை ஆகும்.

கூலிக்கும் வந்தது போட்டோ

போட்டோகிராபர்களின் ஆசைக்கு வந்த இந்த விஷயம் பிறகு ஏழைகளின் கூலியோடு சம்பந்தப்பட்டு விட்டது. 100 நாள் வேலை திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர்களை தினமும் 2 முறை இடக்குறிப்போடு போட்டோ எடுத்து செல்போன் ஆப்பில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. நெட்வொர்க் கிடைக்காத இடங்களில் போட்டோ ஏறவில்லை, வேலை செய்தும் கூலி போச்சு என்று பல மாநிலங்களில் தொழிலாளர்கள் புகார் கூறினார்கள்.

இதில் பலரும் குழப்பிக் கொள்வது ஒன்று உண்டு. இடத்தை கண்டுபிடிக்க இண்டர்நெட் தேவையே இல்லை. வெட்ட வெளியில் செல்போன் டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். கிடைக்கும், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். படத்தை அனுப்பத்தான் நெட்வொர்க் வேண்டும். வயல் வரப்பில் நிற்கிறவர் இருக்கும் இடம் அந்த செல்போனுக்கு தெரியும். ஆபீசுக்கு போய்ச் சேராததுதான் பிரச்சினை.

காட்டிக் கொடுத்த படம்

இடக்குறிப்பால் மாட்டிக் கொண்டவர்களும் உண்டு. வைரஸ் தடுப்பு சாப்ட்வேரால் உலகப் புகழ் பெற்ற ஜான் மெக்காபியை, பக்கத்து வீட்டுக்காரர் கொலை தொடர்பாக விசாரிக்க 2012-ல் பெலிஸ் நாட்டு போலீசார் தேடினார்கள். தலைமறைவாக இருந்த அவரோடு சேர்ந்து எடுத்த போட்டோவை ஒரு பத்திரிகை டிசம்பர் மாதம் இண்டர்நெட்டில் வெளியிட்டது. ஐபோனில் எடுத்த அந்த படத்துக்குள் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. அவர் கவுதமாலா நாட்டில் இருப்பது உலகத்துக்கே தெரிந்து விட்டது. அடுத்த சில நாளில் அங்கேயே கைது செய்யப்பட்டார்.

கம்ப்யூட்டர் பாதுகாப்பையே தொழிலாக செய்தவருக்கே இந்த கதி.

வீட்டு வாசலில் புது பைக்கை நிறுத்தி படம் எடுத்து போடுகிறவர்கள், "குடும்பத்தோடு ஊட்டியில்" என்று அன்றைக்கே படம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. முதல் படம் வீடு எங்கே என்று சொல்கிறது. இரண்டாவது படம் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்கிறது.

வாட்ஸ் அப்பில் சாதாரணமாக போட்டோ அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கி விடும். ஆனால் படம் தெளிவு குறையக் கூடாது என்று 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். இ-மெயிலில் ஒரிஜினலை அனுப்பினாலும் அப்படித்தான்.

கம்ப்யூட்டரில் பார்ப்பது சுலபம். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீட்டெயில்ஸ்' போனால் ஜி.பி.எஸ். என்ற தலைப்பில் நம்பர் தெரியும். அதே இடத்தில் கீழே அந்த விவரங்களை நீக்கவும் வழி இருக்கிறது. நீக்கும்போது 'காப்பி' எடுக்கும் வசதியை தேர்ந்தெடுத்தால் இடக்குறிப்போடு உள்ள ஒரிஜினல் பத்திரமாக வீட்டில் இருக்கும், வெறும் படம் மட்டும் வெளியே போகும்.

செல்போன் கேமராவில் 'செட்டிங்ஸ்' போய் 'லொக்கேஷன்' என்பதை ஆப் செய்தால் அடுத்த படத்தில் இருந்து பதிவாகாது. ஏற்கனவே எடுத்த படங்களில் இருப்பது போகாது. அவற்றில் இருப்பதை தனியாக நீக்க வேண்டும்.